தம்பி ஒண்ணாம் தேதி வேலையில சேரணும், பயத்துல சாப்பாடே இறங்கல. என்ன செய்யலாம்?

தேவகோட்டைக்காரி

எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்கு 23 வயசு, பி.காம். காரைக்குடியில கம்பி, சிமெண்ட், பைப் மொத்த வியாபாரம் பண்ற ஒரு கடையில கணக்குப் பிரிவுல வேலை கிடைச்சிருக்கு. சேர இன்னும் மூணு வாரம் இருக்கு. சித்தப்பா சொல்லி வாங்கிக் கொடுத்த வேலைங்கிறதால அதுவே அவனுக்கு இன்னொரு பாரம்.

காலையில பல் தேய்க்கும்போதே குமட்டல். ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் தூக்கமே இல்ல. தெரியாத நம்பர்லேருந்து போன் வந்தா எடுக்கவே மாட்டேங்கிறான். ஒருநாள் நெஞ்சு அடைச்சு, விரலெல்லாம் மரத்துப் போச்சுன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். ஈசிஜி நார்மல், 'டென்ஷன்'னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவன் திரும்பத் திரும்பச் சொல்றது ரெண்டே விஷயம்: "தப்பா என்ட்ரி போட்டு கடைக்கு லட்சக்கணக்குல நஷ்டம் வந்துட்டா?", "எல்லாரும் என்னையே பார்ப்பாங்க."

அம்மா கண்ணு பட்டிருச்சுன்னு சுத்திப் போடுறாங்க. அப்பா "ஆம்பளப் பிள்ளைக்கு என்னடா பயம்"ங்கிறார். மனநல டாக்டர்ட்ட போனா ஊருக்கே தெரிஞ்சிடும், நாளைக்குப் பொண்ணு தரமாட்டாங்கன்னு ரெண்டு பேரும் ஒரே குரல்ல சொல்றாங்க.

இந்த மூணு வாரத்துல என்ன செய்யலாம்? முதல் நாள் கடையிலேயே அந்த மாதிரி வந்தா என்ன பண்றது? மாத்திரை தேவையா? வீட்டுல நாங்க எப்படி நடந்துக்கணும்? அனுபவம், படிப்பு இருக்கிறவங்க சொல்லுங்க.

படிப்படியா (மனநல ஆலோசனைத் துறை)

விரல் மரத்துப்போனதுலேருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதுதான் அவரை ரொம்பப் பயமுறுத்தியிருக்கும். பயத்துல நாம அறியாமலே வேகமா, ஆழமா மூச்சு விடுறோம். ரத்தத்துல கரியமில வாயு குறையுது. அதனாலதான் விரல் நுனியிலயும் உதட்டைச் சுத்தியும் மரமரப்பு, தலை லேசாகிற உணர்வு, நெஞ்சு இறுக்கம் எல்லாம். இந்த நேரத்துல பக்கத்துல இருக்கிறவங்க "நல்லா மூச்சை இழுத்து விடு"ன்னு சொல்வாங்க. அது தப்பு. இழுக்க இழுக்க இன்னும் மோசமாகும். காகிதப் பையில மூச்சு விடுற பழைய வைத்தியமும் வேண்டாம்.

செய்ய வேண்டியது வெளிமூச்சை நீட்டறது. மூக்கு வழியா 4 எண்ணும்வரை உள்ளே, 6 எண்ணும்வரை வெளியே. வயிறு அசையணும், தோள் அசையக்கூடாது. நிமிஷத்துக்கு 6 மூச்சு வரும். காலையும் மாலையும் 5 நிமிஷம், பதட்டம் இல்லாதபோது பழகணும். பழகாம வச்சிருந்து முதல் நாள் கல்லாப் பக்கத்துல நின்னு முயற்சி பண்ணினா வேலை செய்யாது, "இதுவும் கைவிட்டுருச்சு"ங்கிற பயம்தான் கூடும்.

பீதி தாக்கம் (பேனிக் அட்டாக்) பொதுவா 10 நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போகும், அப்புறம் தானா இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துல ஓய்ஞ்சிடும். இதைத் தெரிஞ்சுக்கிறது வெறும் ஆறுதலுக்காக இல்ல. உச்சத்துல இருக்கும்போது எழுந்து வீட்டுக்கு வந்துட்டா, உடம்பு "ஓடினதால தப்பிச்சேன்"னு கத்துக்கும், அடுத்த தடவை இன்னும் சீக்கிரமா மணி அடிக்கும். அங்கேயே இருந்து அது இறங்கறதைப் பார்த்தாத்தான் "ஓடாமலே அடங்குது"ங்கிற பாடம் ஏறும். புது வேலையை விட்டு ஓடறவங்கள்ல நிறையப் பேர் மாட்டிக்கிறது இந்த வளையத்துலதான்.

அதனால மூணு வாரத்தை வீட்டுக்குள்ளேயே 'மனசைத் தயார் பண்றேன்'னு கழிக்க விடாதீங்க. படி போட்டு ஏறணும். எளிசுலேருந்து கஷ்டத்துக்கு, இப்படி:

முதல்ல, வேலைக்குப் போக வேண்டிய அதே நேரத்துக்கு அதே பஸ்ல தேவகோட்டையிலேருந்து காரைக்குடி போய்ட்டு வரட்டும். அது பழகினதும், கடை இருக்கிற தெருவுல எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடையில 20, 30 நிமிஷம் உட்காரட்டும். அடுத்தது கடைக்கு உள்ளேயே போய் ஏதாவது கேட்கட்டும், "அரை இஞ்ச் பைப் என்ன விலை?"ன்னு கேட்டாப் போதும். அதுக்கு அடுத்தது, சேரும்போது என்னென்ன சான்றிதழ் கொண்டு வரணும்னு மேனேஜரை நேர்ல பார்த்துக் கேட்கிறது. போன் பயத்துக்குத் தனி ஏணி: தினம் 3 போன். முதல்ல சொந்தக்காரங்க, அப்புறம் கேஸ் ஏஜென்சி, பேங்க் மாதிரி தெரியாத இடங்கள்ல ஏதாவது விசாரிக்கிறது. பேச வேண்டியதை வரிக்கு வரி எழுதி வச்சுப் படிக்கக்கூடாது. ரெண்டு குறிப்புச் சொல் போதும்.

ஒவ்வொரு படியிலயும் பயத்துக்கு 0 முதல் 10 வரை ஒரு மார்க் போடச் சொல்லுங்க, தொடங்கும்போது ஒண்ணு, முடிக்கும்போது ஒண்ணு. தொடங்கின மார்க் பாதியாகிற வரைக்கும் அந்த இடத்துலயே இருக்கணும். ஒரே படியை அலுப்புத் தட்டற வரைக்கும் திரும்பச் செஞ்சுட்டுத்தான் அடுத்தது. இங்க வழக்கமா நடக்கிற தப்பு: ஒரே நாள்ல நாலு படி தாண்டி, 9 மார்க்ல இருக்கும்போது திரும்பி வந்துடறது. அன்னிக்குச் செஞ்ச பயிற்சி எதிர்ப்பக்கமா வேலை செய்யும்.

இன்னொரு தப்பு கண்ணுக்கே தெரியாது. கடைக்குள்ள போவார், ஆனா போனைப் பார்த்துக்கிட்டே நிப்பார். பேசுவார், ஆனா கை நடுங்கறது தெரியக்கூடாதுன்னு பாக்கெட்டுல விட்டிருப்பார். இந்தத் தடுப்பு வேலைகளால கவனம் முழுக்கத் தன் மேலயே இருக்கும், அதனாலதான் "எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க"ங்கிற எண்ணம். கவனத்தை வெளியே திருப்பப் பழகணும்: எதிர்ல இருக்கிறவர் சட்டை என்ன நிறம், கல்லாவுல எத்தனை பேர், என்ன சொல்றாங்க. கை நடுங்கினா நடுங்கட்டும், வெளியில வச்சுக்கிட்டே பேசட்டும்.

ராத்திரி முழிப்புக்கு: சாயங்காலம் 6 மணி வாக்குல 20 நிமிஷம் 'கவலை நேரம்'. ஒரு நோட்டுல ரெண்டு பத்தி. இடதுபக்கம் "என்ன நடக்கும்னு பயப்படுறேன்", வலதுபக்கம் காலியா விடணும். நாள் போனப்புறம் "என்ன நடந்துச்சு"ன்னு அங்க எழுதணும். 3 மணிக்கு எண்ணம் வந்தா "நாளைக்கு 6 மணிக்கு"ன்னு தள்ளிப் போடறது. ஒரு 20 நிமிஷத்துல தூக்கம் திரும்ப வரலேன்னா படுக்கையை விட்டு எழுந்து, மங்கின வெளிச்சத்துல அலுப்பான ஏதாவது படிச்சுட்டு, கண்ணு சொக்கினா மட்டும் திரும்பப் படுக்கணும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுந்திருக்கிற நேரம் மாறக்கூடாது.

முதல் நாள் காலைக்கு ஒண்ணு. வெறும் வயித்துல போனா அமிலமும் பதட்டமும் சேர்ந்து குமட்டல் ரெட்டிப்பாகும். முழுசாச் சாப்பிட முடியாதுன்னா ரெண்டு இட்லி, இல்லேன்னா ஒரு வாழைப்பழம். "முதல் நாள்"னு சொல்லி வீட்டுல எண்ணெய்ல மிதக்கிற பலகாரம் செய்யாதீங்க.

பேரேடு

கணக்கு வேலைன்னு சொன்னதால எழுதறேன். மனசு பத்தி மேலே நல்லாவே சொல்லியாச்சு. தம்பிக்கு இருக்கிற "லட்சக்கணக்குல நஷ்டம்" பயம் வேலை தெரியாததால பெருசாத் தெரியுது. எந்தத் தப்பைத் திருத்தலாம், எதைத் திருத்த முடியாதுன்னு பிரிச்சுட்டா பாதி குறையும். எந்தக் கடையிலயும் புது ஆளோட முதல் மாச வேலை கொள்முதல் பில் ஏத்தறது, ரசீது போடறது, பேங்க் ஸ்டேட்மெண்டோட ஒத்துப் பார்க்கிறது, கொஞ்சம் சில்லறைச் செலவுக் கணக்கு. ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கலை அன்னிக்கே அவர் கையில கொடுக்க மாட்டாங்க.

தாராளமாத் திருத்தலாம்: டேலியில (கணக்கு எழுதற சாஃப்ட்வேர்) தேதி, லெட்ஜர் (கணக்குத் தலைப்பு), அளவு தப்பாப் போட்டது. வவுச்சரைத் திறந்து மாத்திட்டு கண்ட்ரோல்+ஏ. அவ்வளவுதான். எஃப்5 பேமெண்ட், எஃப்6 ரசீது, எஃப்7 ஜர்னல், எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். இந்த அஞ்சும் விரல்ல பழகிட்டாலே முதல் வாரம் ஓடிடும். டேலியோட கல்விப் பதிப்பை வீட்டுல இலவசமாப் போட்டுக்கலாம், தேதி மட்டும் சில நாளுக்குத்தான் ஏத்துக்கும், பழகறதுக்கு அது போதும்.

திருத்தலாம், ஆனா கெடு உண்டு: இ-வே பில் (சரக்கு வண்டியில போகும்போது கூட இருக்க வேண்டிய ஆன்லைன் சீட்டு) தப்பாப் போச்சுன்னா 24 மணி நேரத்துக்குள்ள ரத்து பண்ணிட்டுப் புதுசு போடணும். வண்டி நம்பர் மட்டும் மாறினா ரத்தே வேண்டாம், அந்தப் பில்லோட பி பகுதியில புது நம்பரை ஏத்தினாப் போதும். இ-இன்வாய்ஸ் (அரசு போர்ட்டல்ல பதியற விற்பனை பில்) போடற கடைன்னா அதுக்கும் போர்ட்டல்ல ரத்து பண்ண 24 மணிதான். தாண்டிட்டா கிரெடிட் நோட்டு போட்டுச் சரிசெய்யணும். ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) மாசா மாசம் தாக்கல் பண்றவங்களுக்கு 11ஆம் தேதி, 3பி (வரி கட்டற சுருக்க ரிட்டர்ன்) 20ஆம் தேதி. 1-ல விட்டதை 3பி போடறதுக்கு முன்னாடி அதோட திருத்தப் படிவமான 1ஏ-வுல சரிசெய்யலாம், 2024-லேருந்து அந்த வசதி இருக்கு. அதுக்கப்புறமும் அடுத்த மாசத்துல திருத்தலாம்.

அலைச்சல் தரும்: வெளி மாநிலப் பில்லுக்கு ஐஜிஎஸ்டிக்குப் பதிலா, ஒரே மாநிலத்துக்குள்ள போடற சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டியைப் போட்டுடறது. ஜிஎஸ்டி எண்ணோட முதல் ரெண்டு இலக்கத்தைப் பார்த்தாத் தெரிஞ்சிடும். 33 தமிழ்நாடு, 34 புதுச்சேரி. நம்ம பக்கத்துல புது ஆள் வழுக்கற இடம் காரைக்கால். பேரு காரைக்குடி மாதிரியே இருக்கு, ஊரும் தஞ்சாவூர்ப் பக்கம் மாதிரித்தான் தோணும், ஆனா அது 34.

கவனமாவே இருக்கணும்: பேங்க் டிரான்ஸ்ஃபர். தப்பான கணக்கு எண்ணுக்குப் பணம் போயிட்டா, வாங்கினவர் சம்மதிச்சாத்தான் திரும்ப வரும். அதனால நல்ல கடையில ஒருத்தர் ஏத்தி இன்னொருத்தர் ஒப்புதல் கொடுப்பாங்க. அப்படி இல்லேன்னா "அண்ணே, அனுப்பறதுக்கு முன்னாடி ஒருதடவை பார்த்துடுங்க"ன்னு கேட்கிறது தம்பியோட உரிமை, பலவீனம் இல்ல. ரொக்கமும் அப்படித்தான். வாங்கும்போதும் கொடுக்கும்போதும் நோட்டுவாரியா எண்ணி ஒரு சீட்டுல எழுதிக் கையெழுத்து.

ஆகப் பயப்பட வேண்டியது ரெண்டே இடம், அந்த ரெண்டுலயும் இன்னொரு கண்ணு இருக்கணும். இதை ஒரு அட்டையில எழுதிச் சட்டைப்பையில வச்சுக்கச் சொல்லுங்க.

கம்பிக் கடைக்குன்னு கொஞ்சம் முன்னாடியே படிச்சுக்கிட்டா பேச்சு காதுல ஏறும். 12 மீட்டர் கம்பி ஒண்ணோட எடை: 8 எம்எம் 4.74 கிலோ, 10 எம்எம் சுமார் 7.4, 12 எம்எம் சுமார் 10.66. சூத்திரம் சுலபம்: விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல வகுத்தா மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வரும். பில் கிலோவுல இருக்கும், குடோன்காரர் எண்ணிக்கையில சொல்வார். ஸ்டாக் ஒத்துவராததுக்கு முக்கால்வாசி காரணம் இதுதான். சிமெண்ட் மூட்டை 50 கிலோ, ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-லேருந்து 18 சதவீதம். அதுக்கு முன்னாடி 28. பழைய பில் பார்த்து ஏத்தும்போது குழம்பக்கூடாது.

போன் ஆர்டருக்கு ஒரு சீட்டு தயார் பண்ணி வச்சுக்கட்டும்: பேரு, ஊரு, போன் நம்பர், சரக்கு, அளவு, எத்தனை, வண்டி யாருது, பணம் எப்படி. காலிக் கட்டத்தை நிரப்பறதுதான் வேலைன்னு ஆயிட்டா என்ன பேசறதுன்னு தவிக்க வேண்டியதில்ல. கடைசியில "ஒருதடவை வாசிக்கிறேன்ணே, சரியான்னு பாருங்க"ன்னு திரும்பச் சொல்லணும். பெரிய ஆளுகளே இதைச் செய்யாமத்தான் 8-க்குப் பதிலா 10 எம்எம் ஏத்தி அனுப்புவாங்க.

மருந்துச்சீட்டு (பொது மருத்துவம்)

மருந்து குறித்துக் கேட்டிருப்பதால் மட்டும் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் மெடிக்கலில் போய் வாங்க வேண்டாம்.

முதலில் உடம்பில் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தைராய்டு கூடினால் நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் அப்படியே பதட்டம் போலவே இருக்கும். டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின், சர்க்கரை, இந்த மூன்றும் போதும். ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் இன்ஹேலர் எடுப்பவருக்குக் கை நடுங்கும், இதயம் வேகமாகும். சில சளி மாத்திரைகளும் அப்படியே. எனர்ஜி டிரிங்க் குடிக்கிறாரா என்று கேளுங்கள். இளைஞர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

எவ்வளவு தீவிரம் என்று பார்க்க ஜிஏடி-7 என்ற வினாத்தாள் உண்டு. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி 7 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. மொத்தம் 21. பத்து அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 15 அல்லது அதற்கு மேல் தீவிரம். இது நோயைத் தீர்மானிக்கும் பரிசோதனை அல்ல. வாராவாரம் போட்டுப் பார்த்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும்.

மருந்துகள் மூன்று வகை. எசிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவை பழக்கத்துக்கு அடிமைப்படுத்துபவை அல்ல. ஆனால் பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுப் பலனுக்கு 6 முதல் 8 வாரம் ஆகலாம். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்: முதல் ஓரிரு வாரம் குமட்டலும் பரபரப்பும் சற்றுக் கூடும். எனவே ஒன்றாம் தேதி வேலை என்றால் முப்பதாம் தேதி மாத்திரை தொடங்குவது மோசமான திட்டம். தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால் இந்த வாரமே தொடங்குவது நல்லது. குணம் தெரிந்த பிறகும் பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல் வரும், படிப்படியாகவே குறைக்க வேண்டும். தொடங்கிய புதிதில், முக்கியமாக 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம், மனநிலை மோசமாகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும்.

ப்ரோப்ரனலால் நடுக்கத்தையும் படபடப்பையும் மட்டும் குறைக்கும், கவலையைத் தொடாது. ஆஸ்துமா இருந்தால் கூடவே கூடாது. மருத்துவர் கொடுத்தாலும் முதல் தடவை வீட்டில் இருக்கும் நாளில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அல்பிரசோலம் வகை பதட்டத்தைச் சட்டென்று அடக்கும், அதனால்தான் ஆபத்து. சில வாரத்திலேயே பழக்கமாகும். புதிதாகக் கற்றது மனதில் பதியாமல் போகும், வேலை கற்றுக்கொள்ள வேண்டிய மாதத்தில் இதைவிடப் பாதகம் வேறில்லை. வண்டி ஓட்டக்கூடாது, மதுவுடன் சேரவே கூடாது. இது எச்1 அட்டவணை மருந்து. சீட்டு இல்லாமல் விற்பது சட்டவிரோதம். "போன தடவை எழுதிக் கொடுத்தது" என்று பழைய சீட்டைக் காட்டி வாங்குவதையும் நிறுத்துங்கள்.

எங்கே போவது: ஊர் தெரிந்துவிடும் என்ற பயம் இருந்தால் முதலில் 14416-க்குப் பேசலாம். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும், தமிழில். நேரில் பார்க்க சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்த நாளில் எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்பதையும் காரைக்குடி அரசு மருத்துவமனையில் விசாரித்துக் கொள்ளலாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. கடை முதலாளி கேட்டாலும் மருத்துவமனை சொல்லாது. இதை அப்பாவிடம் சொல்லுங்கள்.

நெஞ்சு வலி நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ வந்தால், இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், மயக்கம் வந்தால் அதைப் பதட்டம் என்று விட்டுவிடாமல் உடனே காட்டுங்கள். "செத்துப் போயிடலாம்" போன்ற பேச்சு வந்தால் மூன்று வாரமெல்லாம் காத்திருக்காமல் அன்றே.

செக்காலை ரோடு

வேலை கொடுக்கிற பக்கத்திலேருந்து ஒரு வார்த்தை. காரைக்குடியில வட்டித் தொழில் பர்மா, மலேயான்னு நடந்த காலத்துல ஆளை எடுத்த முறை பாருங்க: முதல்ல பெட்டியடி, அப்புறம் அடுத்தாள் (மேலாளுக்கு உதவியாளர்), அப்புறம்தான் மேலாள் (கடையை நடத்தறவர்). பெட்டியடிப் பையன் வேலை எடுபிடியும் பார்த்துக் கத்துக்கறதும்தான். வந்த அன்னிக்கே எல்லாம் தெரிஞ்சிருக்கணும்னு எந்த முதலாளியும் நினைக்கல, இப்பவும் நினைக்கிறதில்ல. புது ஆள்கிட்ட எதிர்பார்க்கிறது நேரத்துக்கு வர்றது, கேட்டதை எழுதிக்கிறது, தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றது. கேட்காம ஊகிச்சுச் செய்றவன்தான் தலைவலி.

மேனேஜர்கிட்ட நோயைச் சொல்லணும்னு அவசியமில்ல, ஆனா முழுசா மறைக்கிறதும் வேலைக்காகாது. மறைக்கிறதுக்கே பாதி தெம்பு போயிடும். ரெண்டு வரி போதும்: "புது இடத்துல முதல் சில நாள் எனக்குக் கொஞ்சம் பதட்டம் இருக்கும்ணே. சொல்றதை எழுதிக்கிட்டுச் செய்றேன், முடிச்சதும் ஒருதடவை பார்த்துக் கொடுங்க." மருந்து, டாக்டர் எதையும் சொல்ல வேண்டாம். சித்தப்பா மூலமாச் சொல்லி அனுப்பவே வேண்டாம், அப்புறம் கடை முழுக்க 'பாவம்' பார்வைதான் வரும்.

முதல் நாளே கேட்டு எழுதிக்க வேண்டியது: யார்கிட்ட சந்தேகம் கேட்கணும், எந்த நேரத்துல கேட்டா அவருக்குத் தொந்தரவில்ல, பில் எங்க வரும், முடிஞ்ச பில் எங்க போகும், சாப்பாட்டு நேரம், கழிப்பறை, மாசத்துல எந்த நாள் நெருக்கடி. கழிப்பறையையும் கூச்சப்படாமக் கேட்கணும். வயிறு கலக்கிறவனுக்குக் கழிப்பறை எங்கன்னு தெரியாம இருக்கிறதே தனி அவஸ்தை.

தேவகோட்டைக்காரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அவனையே உட்கார வச்சுப் படிக்க வச்சேன். 33, 34 விஷயத்தை உடனே எழுதி வச்சுக்கிட்டான். ஜிஏடி-7ல 14 வந்துச்சு, அதனால டாக்டரைப் பார்க்க அப்பாவே சரின்னுட்டார். அந்தச் சட்டப் பிரிவைச் சொன்னதும் வாயைத் திறக்கல.

இன்னும் மூணு சந்தேகம். தினமும் மத்தியானம் நான் போன் பண்ணணும்னு கேட்கிறான், பண்ணலாமா? வீட்டுல அவன் ஒரு நாளைக்கு நாலு டம்ளர் காபி குடிக்கிறான், அதை நிறுத்தணுமா? முதல் நாள் பாதியிலேயே வீட்டுக்கு வந்துட்டா என்ன செய்றது? அம்மாவோட பெரிய பயம் அதுதான்.

மருந்துச்சீட்டு

காபி: ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் தலைவலியும் சோர்வும் வரும். இரண்டு நாளைக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்து, காலையில் ஒன்று என்ற இடத்தில் நிறுத்துங்கள், அதுவும் சாப்பிட்ட பிறகு. குடித்ததில் பாதி உடம்பிலிருந்து கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும்; மாலை 5 மணி டம்ளர் இரவு 10 மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். 3 மணி முழிப்புக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். டிகாக்‌ஷன் கெட்டியாக இருந்தால் டம்ளர் எண்ணிக்கையை நம்ப முடியாது.

14 என்பது நடுத்தர அளவின் மேல் நுனி. டாக்டரைப் பார்க்க முடிவு செய்தது சரி.

படிப்படியா

மத்தியான போன்: வேண்டாம்னு ஒரே அடியாச் சொல்லாதீங்க, ஆனா அதை ஊன்றுகோலா ஆக்கவும் விடாதீங்க. முதல் வாரம் ஒரு தடவை, அதுவும் அவர் பண்ணட்டும், நீங்க பண்ண வேண்டாம். "நான் சரியாத்தானே செய்றேன்? எதுவும் ஆகாதில்ல?"ன்னு கேட்டா "எதுவும் ஆகாதுடா"ன்னு சொல்லாதீங்க. அந்த ஆறுதல் கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் இன்னொரு டோஸ் கேட்கும். அதுக்குப் பதிலா "நோட்டுல இடதுபக்கம் எழுதிட்டியா? சாயங்காலம் வலதுபக்கம் பார்ப்போம்"னு முடிச்சிடுங்க. இரண்டாவது வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். மூணாவது வாரம் வேண்டாம்.

சாயங்காலம் வாசல்லயே நிறுத்தி "எப்படி இருந்துச்சு? பயமா இருந்துச்சா?"ன்னு அம்மா, அப்பத்தா, பக்கத்து வீட்டு ஆச்சின்னு ஆளாளுக்குக் கேட்கக்கூடாது. முகம் கழுவி, சாப்பிட்டு, அவராச் சொன்னாக் கேளுங்க. அம்மா சுத்திப் போடறது போடட்டும், அதுல கெடுதல் இல்ல. "நீ பயந்தவன்"னு தினம் நினைவுபடுத்தற சடங்கா மட்டும் ஆகக்கூடாது. அப்பா "ஆம்பளப் பிள்ளை" வசனத்தை விட்டுட்டு, முடிஞ்சா முதல் நாள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட நடந்து போகட்டும். கடை வாசல் வரைக்கும் வேண்டாம்.

பாதியில வந்துட்டா: வந்தது தோல்வின்னு பேசாதீங்க, "சரி விடு, இந்த வேலை வேண்டாம்"னும் சொல்லாதீங்க. ரெண்டாவதுதான் ஆபத்து. மறுநாள் போகாம விட்டா மூணாவது நாள் படி ரெண்டு மடங்கு உசரமாயிடும். அன்னிக்குச் சாயங்காலமே மேனேஜருக்கு அவரே போன் பண்ணணும், சித்தப்பா இல்ல: "சார், இன்னிக்கு உடம்பு சரியில்லாம வந்துட்டேன். நாளைக்குக் காலையில வழக்கமான நேரத்துக்கு வர்றேன்." அதுக்கு மேல விளக்கம் வேண்டாம். மறுநாள் முழு நாளும் முடியாதுன்னு தோணினா, மதியம் வரைக்கும்னு குறி வச்சுக்கலாம். ஆனா கிளம்பற நேரத்தை முன்னாடியே முடிவு பண்ணணும், பயம் உச்சத்துல இருக்கும்போது கிளம்பக்கூடாது. குறிச்ச நேரம் வரும்போது படபடப்பு ஏறிக்கிட்டிருந்தா, இறங்கற வரைக்கும் இன்னும் 15 நிமிஷம் இருந்துட்டுத்தான் கிளம்பணும்.

வேலையை விடலாமா வேண்டாமாங்கிற முடிவை காலையிலயும் பஸ்லயும் 3 மணி முழிப்புலயும் எடுக்கக்கூடாதுன்னு இப்பவே பேசி வச்சுக்குங்க. காலண்டர்ல ரெண்டு மாசம் தள்ளி ஒரு ஞாயித்துக்கிழமையைக் குறிச்சு, அன்னிக்கு நோட்டையும் ஜிஏடி-7 மார்க்கையும் எதிர்ல வச்சு முடிவு பண்ணுங்க. சம்பளம் தராம இழுக்கிறது, கைநீட்டறது, பொய்க் கணக்கு எழுதச் சொல்றது, இதுல ஏதாவது நடந்தா மட்டும் அந்த ஞாயித்துக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டியதில்ல.